லாபம், ரெண்டு, மூணு

காரைக்குடிப் பொறியியல் கல்லூரியில்
தொழில்முனைவோர் தினம்.
'புதுவயல் அரிசி ஆலை அதிபர் திருமதி உமையாள்
வெற்றியின் ஐந்து பாடங்களைப் பகிர்வார்' என்று
என்னைக் கேட்காமலே அச்சடித்துவிட்டார்கள்.
ஐந்து என்று எண்ணியது யாரோ.

எனக்குத் தெரிந்த எண்ணிக்கை வேறு.
நெல் அளக்கையில் ஒன்று என்று தொடங்குவதில்லை:
லாபம், ரெண்டு, மூணு.
எடைமேடை வந்து இருபது வருஷம்,
இன்னும் முதல் மூட்டை இறங்கும்போது
வாய் அப்படித்தான் சொல்கிறது.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு பேசினேன்.

எதிர் ஆலைக்காரர் வாங்கினார் என்பதற்காக
நிறம் பிரிக்கும் எந்திரம் வாங்கியதைச் சொன்னேன்.
மின் இணைப்புக்கு அனுமதி வராமல்
எட்டு மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்தது.
தவணை மட்டும்
தார்ப்பாய் போர்த்திக்கொள்ளவில்லை.

புயல் இரவைச் சொன்னேன்.
மேற்குக் கூரை தகடு தகடாக எழுந்து
கண்மாய்ப் பக்கம் போனது.
ஆயிரத்து இருநூறு மூட்டை.
மூன்றாம் நாள் நனைந்த நெல் சூடாகும்,
கைவைத்தால் காய்ச்சல்காரன் வயிறுபோலச் சுடும்.
அந்த வாடை சேலையைவிட்டுப் போக
தீபாவளி ஒன்று கழிய வேண்டியிருந்தது.

கடன் தந்தவர்கள் கூப்பிடும் முன்னால்
நானே கூப்பிட்டேன், பதினேழு பேரை.
"இல்லை, வரும், இந்தத் தேதி."
பதினான்கு பேர் சரி என்றார்கள்.
ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார்.
மற்ற இருவர் எடுக்கவேயில்லை,
அதுதான் அதிகம் வலித்தது.
முளைத்த நெல்லை மாட்டுத் தீவனத்துக்குத் தள்ளி
முதலில் கூலி, பிறகு வங்கி.
மேலாளர் கேட்டார், ஏன் இந்த வரிசை?
"உங்களுக்கு இன்று இரவு
அடுப்பு எரியும் சார்."

கைதட்டினார்கள்.
பொன்னாடை, தேங்காய், படம்.
முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்:
"அப்ப அந்த ஒன்னு எங்க மேடம் போச்சு?"
எல்லாரும் மறுபடி சிரித்தார்கள்.
நானும்.

வண்டி கோட்டையூர் தாண்டவில்லை,
கேள்வி பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டது.

மேடையில் சொல்லாத ஒரு பெயர் உண்டு.
சவரிமுத்து, பாய்லர் ஆள்.
கூரை போல்ட் துருப்பிடித்துவிட்டது,
மேற்கு மூலை ஆடுகிறது என்று
புரட்டாசியிலேயே சொன்னவர்.
சீசன் முடியட்டும் என்றவள் நான்.
புயலுக்கு மறுநாள், நாற்பது பேர் நடுவே,
"ஏன் ரெண்டாந்தரம் சொல்லல?" என்று கத்தினேன்.
அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.
நடந்தார்.
நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்
கூலி பாக்கியைக்கூட வாங்க வரவில்லை.
ஒவ்வொரு பங்குனியிலும் ஐந்தொகை எழுதும்போது
அந்த ஒரு வரியை
அடுத்த ஏட்டுக்குத் தூக்கி வைப்பேன்,
உறங்கும் பிள்ளையை இடம் மாற்றுவதுபோல,
எழுந்துவிடாமல்.

கண்டனூர் விலக்கில் பஞ்சர் கடை.
பொன்னாடையைச் சுருட்டிப் பின்னால் எறிந்துவிட்டு
இறங்கினேன்.
வட்டியோடு சேர்த்து ஆறாயிரம் நீட்டினேன்.
மன்னிப்பு என்ற சொல்லை
வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்,
வரவில்லை, தொண்டையில் உமி.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எண்ணினார்.
நிதானமாக.
தன் டப்பாவிலிருந்து ஐம்பது ரூபாய் எடுத்து வைத்து,
நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது போக
மீதியைத் திருப்பித் தந்தார்.
நான் எதுவும் சொல்வதற்குள்,
"கூரை இப்ப ஒழுகுதா?"

"மேக்கு மூலைல, லேசா."

டியூப் அட்டையைக் கிழித்து
பென்சிலால் ஏதோ எழுதினார்.
"எட்டு எம்எம் போட்டுருப்பாய்ங்க.
பத்து போடச் சொல்லுங்க. வாஷரோட."
அட்டையைக் கொடுத்துவிட்டு
காத்திருந்த சைக்கிளின் சக்கரத்தைத்
தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார்.
குமிழி வரும் இடத்தைப் பார்த்தபடி
நான் கொஞ்ச நேரம் நின்றேன்.