மஞ்சள் கலன்

ஆனியில் கிளம்பிய கச்சான் காற்று
ஆடி பிறந்தும் அடங்கவில்லை.
கூரைத் தகரத்தை விடிய விடியத் தட்டி
யாரையோ கேட்கிறது.
மலைக்கு அந்தப்புறம் நுவரெலியாவில் அடைமழையாம்.
பஸ்ஸில் வந்து இறங்கியவளின் குடை
இன்னும் ஈரமாய்த்தான் இருந்தது.
இங்கே, ஹப்புத்தளைக்குக் கீழே,
மண் வெடித்திருக்கிறது
என் குதிகாலைப் போல.

லயத்துக்குப் பின்னால்
காம்பராவின் அகலம் எவ்வளவோ அவ்வளவு நிலம்.
போஞ்சி இரண்டு பாத்தி,
லீக்ஸ் ஒன்று, நோக்கோல் அரை,
வேலியோரம் அவருடைய டேலியா, மூன்று செடி.

கிழங்காய்த்தான் வந்தது அது.
பங்களாப் பூந்தோட்டத்தைக் கொத்திப் போட்ட அன்று
பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து
அடுப்படியில் வைத்துவிட்டார்.
வற்றாளை என்று நினைத்து
உலைவரைக்கும் கொண்டுபோய்விட்டேன்.
"ஐயோ, அது பூவு" என்று
பானைக்குள் கைவிட்டு எடுத்த மனுஷன்
இருபத்திரண்டு வருஷத்தில்
எனக்காக அப்படி ஓடிவந்ததில்லை.

பீலியில் தண்ணீர் நூலாகிவிட்டது.
ஒரு வாளி நிறைவதற்குள் ரெஜினா
மகளின் கல்யாணக் கதையைச் சொல்லி முடித்து
மறுபடி நிச்சயதார்த்தத்திலிருந்து தொடங்குகிறாள்.
வீட்டுக்கு இரண்டு வாளி.
கமலநாதன் கொப்பியில் கணக்கு வைக்கிறான்.

கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்து
செடிக்கு ஒரு சிரட்டை என்று ஊற்றுவேன்:
அரிசி கழுவியது, முகம் கழுவியது,
கோப்பை கழுவி மண்டி இறங்கியது.
மானாப்புல் அறுத்து அடியில் பரப்பினேன்.
அசுவினிக்கு அடுப்புச் சாம்பல்.
டேலியாவுக்கு மட்டும் ஒன்றுமில்லை.
"பூவைக் கறி வைக்க முடியுமா?" என்றேன்.
பதில் சொல்லாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு
இஸ்டோருக்கு இராக்காவலுக்குப் போனார்.

லயம் முழுக்கப் போஞ்சி சுருண்டது.
ரெஜினாவின் தக்காளி தலை தொங்கிற்று.
என்னுடையது மட்டும்
குச்சியை விட்டு மேலே தாவ இடம் தேடியது.
கைராசி என்றார்கள்.
நானும் போகிறவர் வருகிறவருக்கெல்லாம்
மானாப்புல் பாடம் எடுத்தேன்:
நாலு விரல் கனம்,
தண்டில் படாமல்,
கிழமைக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும்.
டேலியாவும் வாடாமல் நின்றதை
யாரும் கேட்கவில்லை.
கிழங்குதானே, உள்ளே ஈரம் வைத்திருக்கும் என்று
நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

நேற்று தகரம் ஒன்று கிளம்பி அறைந்த சத்தத்தில்
நாலரைக்கு விழித்தேன்.
பின்கதவு இடுக்கில் வெளிச்சம்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
குந்தியிருந்தார்.
பக்கத்தில் தேங்காயெண்ணெய் வந்த மஞ்சள் கலன்,
ஐந்து லீட்டர்.
இஸ்டோர்த் தாங்கியிலிருந்து
இருநூற்று இருபது படி,
இந்தக் காற்றில்,
அந்த வலது முழங்காலோடு.

டேலியாவுக்கு மூடியால் அளந்தார்.
மூன்று செடி, மூன்று மூடி.
மீதி முழுவதையும்
என் புல்லை விலக்கி விலக்கிப்
போஞ்சி வேரில் ஊற்றினார்.
பிறகு புல்லை இழுத்து மூடினார்,
பிள்ளைக்குப் போர்த்துகிறவர் போல அல்ல,
களவை மறைக்கிறவர் போல.

திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.
கதவு முனகியபோது
நானும் கொஞ்சம் குறட்டை விட்டேன்.

இன்று ஞாயிறு, முதல் பறிப்பு.
ஒன்றேகால் கிலோ.
ரெஜினாவுக்கு ஒரு பிடி கொடுத்தேன்.
"புல்லுல வேற என்னமோ கலக்கிறே, சொல்லு."
"புல்லுல ஒன்னுமில்லடி."
நம்பவில்லை.
ஒளிக்கிறேன் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

ஒரு டேலியா மொட்டு வைத்திருக்கிறது.
என்ன நிறமென்று இன்னும் காட்டவில்லை.
காற்று முறித்துவிடும்.
குச்சி ஒன்று ஊன்றி
என் பழைய படங்கில் ஒரு கிழிசல் எடுத்துக் கட்டினேன்.
எப்போது எழுந்து வந்தாரோ,
பின்னால் நின்று சொன்னார்:
"இறுக்காதே."

இறுக்கித்தான் கட்டினேன்.
கச்சான் ஓய
இன்னும் ஐந்தாறு கிழமை இருக்கிறது.