மூலம்: இரண்டு அங்குலம்

கட்லா எல்லாம் மல்லாந்து மிதக்குதுங்க என்று
குத்தகைக்காரர் கெம்பண்ணன் போன் செய்தபோது
விடியவில்லை.
ராயக்கோட்டைப் பக்கம் இரவெல்லாம் கோடை மழை.
பதினாறு புட்டிகளோடு ஸ்கூட்டியை எடுத்தேன்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
மாசின் மூலம்: ஆலை, குழாய், மற்றவை.
இரண்டு அங்குல நீளம்.
குழாயைத் தேடத்தான் எங்களுக்குப் பயிற்சி.
ஏரிக்கரை முழுக்கச் சுற்றினேன், குழாய் இல்லை.
பழைய டீயின் நிறத்தில்
நுரைத்துக்கொண்டு இறங்கியது ஓர் ஓடை.
மீட்டரை நனைத்தேன்:
ஆக்சிஜன் ஒன்று புள்ளி இரண்டு.
ஓடையோடு மேலே நடந்தேன்.

திம்மக்கா தக்காளிக் காட்டில் நின்றிருந்தாள்.
"மேகம் கூடிச்சு, கரையட்டும்னு
யூரியா வீசினேன். ஒரு மூட்டைதான் மேடம்."
கரைந்திருந்தது.
விட்டுப்போன நாலைந்து வெள்ளை மணிகளை
அவளே எனக்குக் குனிந்து காட்டினாள்.

மாந்தோப்பின் வரப்பில்
மருந்து டப்பாக்கள் வாய் பிளந்து
மழையைக் குடித்து, மிச்சத்தை வழிய விட்டிருந்தன.
அது போன மாசத்து மருந்து, என்றார்கள்.

விலை படுத்த வாரத்தில் ரோட்டோரம் கொட்டிய கூடைகள்
சிவப்பை மறந்து புளித்துக் கிடந்தன.
அதற்கும் மேலே, கோழி எரு, மூடாத குவியல்,
நடுவே மழை வெட்டிய வாய்க்கால்.
கிரானைட் பட்டறையின் பால்மாவு.
சர்தாரின் ஒர்க்‌ஷாப் வாசலில்
மண்ணே கறுத்திருந்தது.
"சொட்டுத்தான் சிந்தும்,
வருஷம் பூரா சேர்த்தாலும் ஒரு கேன் வராது."

யாரும் பொய் சொல்லவில்லை.
கொஞ்சம், கொஞ்சம்தான், இத்தனூண்டு.
கூட்டிப் பார்த்தது மழை மட்டும்.

உச்சிப்பாறை வரை ஏறிவிட்டேன்.
இந்தப் பக்கம் விழுந்த துளி கெம்பண்ணனின் ஏரிக்கு.
ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால்
வேறு யாரோ என்னைக் கூப்பிட்டிருப்பார்கள்.

இறங்கி வரும்போது பதினைந்து நிறைந்திருந்தன.
கரையில் என் வண்டிக்கடியில்
மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம்
நெளிந்து நெளிந்து தண்ணீரை நோக்கிப் போனது.
மூணு மாசமாய் மாற்றாத சீல்.
பதினாறாவது புட்டியில் அதைப் பிடித்தேன்.
லேபிளில் வண்டி நம்பரை எழுதினேன்.

"யாரு மேடம், கண்டுபிடிச்சீங்களா?
யார் மேல கேசு போடறது?"
கெம்பண்ணனின் கையில் மீன்வாடை அடித்தது.
முந்நூறு கிலோ, வட்டிக்கு வாங்கி விட்ட குஞ்சு.

பேனாவைத் திறந்தேன். மற்றவை என்று எழுதி
பெயர்களைத் தொடங்கினேன்.
திம்மக்காவுக்கே கட்டம் முடிந்துவிட்டது.
மறுபடி தூறல்.
அட்டை சாய்ந்திருந்த பக்கமாய்
நீல மை இறங்கத் தொடங்கியது,
கையெழுத்துப் போடும் இடத்துக்கு.