விசை இல்லாத ஒலி

குழித்துறை கோர்ட்டு.
எதிரி தரப்பு முதல் சாட்சி ஞானப்பூ,
ரப்பர் பால் வெட்டுகிறவள்.
"எனக்க கண்ணால கண்டேன் ஐயா,
வெட்டோத்தி எட்வின்தாஸ் கையில இல்ல..."

ஐயா பேனாவை மூடினார்.
கொட்டாவியா சிரிப்பா,
ஃபேன் இரைச்சலில் பிடிபடவில்லை.
அரசு வக்கீல் மட்டும் உடனே சிரித்தார்.

பிறகு அவள்
மழை என்றாள், இருட்டு என்றாள்,
யாரென்று சரியா தெரியாது என்றாள்.

நான் தட்டச்சு செய்தேன்,
சொன்னதை மட்டும்.
பேனா மூடுகிற 'டக்'குக்கு
என் மெஷினில் விசை கிடையாது.

மேல்கோர்ட்டு இனி வாசிக்கும்:
சாட்சி முன்னுக்குப்பின் முரண்.

எட்வின்தாஸ் கூண்டிலிருந்து
ஐயாவைப் பார்க்கவில்லை.
என் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐந்து மணிக்குப் பூட்ட வந்தபோது
வராந்தாவில் ஒரு ஜோடி செருப்பு,
பால் உலர்ந்த கறையோடு.
வெறுங்காலோடு
எந்த பஸ் ஏறியிருப்பாள்?