நிழல் வழக்கு

மோந்தெசோர்தோ நகரத்தின் நோட்டரி நான், செர் நெரியோ.
ஆட்டுத்தோலில் எழுதுகிறேன், ஆகையால்
சுருக்கமாக எழுதுகிறேன். தோல் விற்கிற விலை அப்படி.

எங்கள் ஊரில் முந்நூறு வீடு, முப்பத்தொன்பது கோபுரம்.
கோபுரத்தில் யாரும் குடியிருப்பதில்லை.
ஏறி முடிப்பதற்குள் பசிக்கும்,
இறங்கி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும்.
பக்கத்து வீட்டுக்காரன் கட்டினான், நாமும் கட்டினோம்.
இதற்கு மேல் காரணம் கேட்பவன்
வெளியூர்க்காரன்.

அப்படியொரு வெளியூர்க்காரரைத்தான்
வருடக் கூலிக்கு நீதிபதியாக அமர்த்துவோம்.
உள்ளூரானை நம்ப
எங்களுக்கு என்ன பைத்தியமா?
பொதெஸ்தா என்று பட்டம், சிவப்பு அங்கி,
இரண்டு குதிரை, அவித்த மொச்சை மட்டுமே தெரிந்த
ஒரு சமையல்காரன்.
ஊரில் எவர் வீட்டிலும் அவர் கை நனைக்கக் கூடாது.
சட்டம்.

அந்த வருடம் வந்தவர் ரம்பெர்த்தோ.
ஜனவரியிலேயே மலாகாம்பா வீட்டார் வந்து நின்றார்கள்:
"ஸ்பிந்தோனிக் கோபுரத்து நிழல் எங்கள் முற்றத்தில் விழுகிறது.
துணி காயவில்லை. கோழி முட்டையிடவில்லை.
பெரியப்பா ஊகோவின் முழங்கால்
இரவெல்லாம் பேசுகிறது."

ஸ்பிந்தோனி வக்கீல் எழுந்தார்:
"நிழலை வீசியது சூரியன். அதற்கு அனுப்புங்கள் அழைப்பாணை."
அனுப்பினோம்.
கிழக்கு வாசலில் நின்று சேவகன் மூன்று முறை கூவினான்.
சூரியன் ஆஜராகவில்லை. அன்று மேகமூட்டம்.

தீர்ப்பு: நிழல், கோபுரத்துக்காரன் உடைமை.
விழுகிற நாளெல்லாம்
முழத்துக்கு ஒரு காசு அபராதம்.

முழம் போட்டவன் நான். பனியில், மண்டியிட்டு.

ஸ்பிந்தோனிகள் மழை கேட்டு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்,
மலாகாம்பாக்கள் வெயில் கேட்டு.
ஒரே தேவாலயம், ஒரே புனிதர்.
பாவம், யாரையும் பகைத்துக்கொள்ளாதவர்.
பிப்ரவரி முழுக்க வெயிலோடு மழை.
காக்காவுக்கும் நரிக்கும்
எத்தனை முறைதான் கல்யாணம் நடக்கும்!

(இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இரகசியமாகக் காதலித்தார்களா
என்று கேட்காதீர்கள்.
அந்த வீட்டுப் பையனுக்குப் பதினோரு வயது.
இந்த வீட்டுப் பெண்ணுக்கு நாற்பது,
மூன்று கணவர்களைப் புதைத்தாகிவிட்டது.)

ஜூலை வந்தது.
ஓடு கொதித்தது, கிணறு இருமியது,
கழுதைகள் வேலைநிறுத்தம் செய்தன.
ஊரிலேயே குளிர்ந்த இடம் மலாகாம்பா முற்றம்.
மோன்னா லாப்பா அங்கே முலாம்பழக் கடை போட்டாள்.
பாதிரியார் வந்தார், கொல்லன் வந்தான்,
பெரியப்பா ஊகோ வாசலில் உட்கார்ந்து
தலைக்கு ஒரு காசு வசூலித்தார்.
முழங்கால் மௌனமாகிவிட்டிருந்தது.

நிழலின் அருமை வெயிலில் தெரிந்தது,
ஸ்பிந்தோனி வக்கீலுக்கும்.
"ஜனவரித் தீர்ப்பின்படி நிழல் எங்களுடையது.
அபராதமும் கட்டியிருக்கிறோம், ரசீது இதோ.
எங்கள் பொருளை வைத்து இவர்கள் பிழைக்கிறார்கள்.
வாடகை எங்கே?"

ரம்பெர்த்தோ என்னைப் பார்த்தார்.
நான் மைக்கூட்டைப் பார்த்தேன்.
"இடத்தை நேரில் பார்வையிட்டுச் சொல்கிறேன்" என்றார்.

பார்வையிட்டார். பிற்பகல் பூராவும்.
வியர்வை அடங்கியபோது
மோன்னா லாப்பா ஒரு துண்டு நீட்டினாள்.
ஏழு மாத மொச்சை அவர் கண்முன் வந்துபோனது.
வாங்கித் தின்றார். விதையைக்கூடத் துப்பவில்லை.

மறுநாள் தீர்ப்பு: வாடகை உண்டு.
அமர்ந்தவர் எவராயினும்,
மணிக்கு ஒரு காசு, ஸ்பிந்தோனிக்கு.

டிசம்பரில் எங்கள் வழக்கப்படி
போகிற பொதெஸ்தாவையே கூண்டில் ஏற்றினோம்.
குற்றம் ஒன்று: முலாம்பழம், ஒரு துண்டு.
குற்றம் இரண்டு: நிழல், நான்கு மணி நேரம்,
வாடகை பாக்கி.
தம் தீர்ப்பைத் தாமே படித்துப் பார்த்து,
எண்ணி வைத்தார் காசை.

கிளம்பியது நண்பகலில். குளிர்கால வெயில்,
குதிரையின் வடக்கே அவர் நிழல் நீளமாகக் கிடந்தது.
சுங்கக்காரன் குனிந்து
முழக்கோலை எடுத்தான்.
அவர் குதிரையைத் தட்டிவிட்ட வேகத்தில்
தொப்பி எங்கள் ஊரிலேயே விழுந்தது.

தொப்பி யாருடையது என்று
இப்போது இரண்டு வழக்கு நடக்கிறது.
முழம் போட்ட கூலி
எனக்கு இன்னும் வரவில்லை.