முதுகுப் பக்கம்

நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி
டெம்போவில் கவிழ்ந்து கிடந்தபடி
ஆறு நாற்காலிகள் பொள்ளாச்சிக்கு வந்தன.
மேலே எஸ்டேட்டில் சின்னக் கோயிலை மூடிவிட்டார்களாம்.
கூரைத் தகரம் ஒருத்தருக்கு, மணி ஒருத்தருக்கு,
இவை பாலக்காட்டு ரோட்டுப் பழைய சாமான் கடைக்கு.

நார் மில்லில் கணக்கு முடித்து
போனஸ் வாங்கிய கையோடு போய் விலை கேட்டேன்.
"நேரா உக்கார வெக்குமுங்க இது" என்றான் கடைக்காரன்.
நிறையைச் சொன்னானா குறையைச் சொன்னானா
இன்றுவரை தெரியவில்லை.

சென்னியப்பனுக்குப் பிடிக்கவில்லை.
சாய்ந்தால் இடிக்கிறது,
காலை மடித்துப் போட இடமில்லை.
"சோறு திங்கறதுக்கு என்னத்துக்கு இத்தன வெறப்பு?"
ஒரு வாரம் பார்த்தார்.
அப்புறம் தட்டோடு டிவி முன்னால் போய்விட்டார்,
கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு.

ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு மரப்பெட்டி,
வேதமும் பாட்டுப் புத்தகமும் வைக்க.
உட்கார்ந்திருப்பவருக்கு அல்ல,
பின்னால் இருப்பவருக்கு.
என் வீட்டில் பின்னால் யார் இருக்கிறார்கள்?
ஒன்றுக்குப் பின்னால் சுவர்.
ஒன்றுக்குப் பின்னால் தண்ணீர்க் குடம்.
சும்மா கிடக்க வேண்டாமென்று
கரண்ட் அட்டை வைத்தேன், கேஸ் புத்தகம் வைத்தேன்,
கையெழுத்துக்குக் காத்திருக்கும் தாரகையின் மார்க் அட்டை.
சுவரோரம் இருப்பதில்
சென்னியப்பனுக்குத் தெரியாத நகைக்கடன் ரசீது.
அந்த நாற்காலியை மட்டும்
நான் யாருக்கும் இழுத்துப் போடுவதில்லை.

ஆடி மாதம் புது ஆள் கேஸ் கொண்டு வந்தார்.
சட்டையில் பெயர், பாக்கியநாதன்.
சிலிண்டரை மாட்டிவிட்டு, கசிகிறதா என்று பார்க்க
மண்டி போட்டவர்
எழுந்திருக்கவில்லை.
முகத்துக்கு நேரே ஒரு நாற்காலியின் முதுகு,
பித்தளையில் இருபத்தேழு.

"இது எங்க கோயில் சேருங்க."

எப்படித் தெரியும் என்றேன்.
"ஆபீஸ்காரங்களுக்கு சேரு,
லைன் வீட்டுக்காரங்களுக்குப் பாய்.
பாயில உக்காந்துதான் பாத்தேன்.
எனக்கு இதோட முதுகுப் பக்கந்தானுங்க தெரியும்."

பெட்டிக்கு அடியில் விரலை ஓட்டினார்.
செல் அரித்தது என்று நினைத்து
நான் எண்ணெய் போட்டுத் தேய்த்த இடம்.
ஆணியால் கீறிய யானை.
"ஜெபம் நீளமாப் போவுமுங்க" என்றார்,
குற்றத்தை ஒத்துக்கொள்கிற குரலில்.

உக்காருங்க என்றேன்.
கால்சட்டையைத் தட்டினார்,
நாற்காலியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்,
கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.
விளிம்பில் உட்கார்ந்தார், பிறகு கொஞ்சம் உள்ளே தள்ளி.
அது அவரையும் நேராக்கியது.
எதிரே ஃப்ரிட்ஜ்,
அதன் மேல் பழைய காலண்டர்,
வாழைப்பழச் சீப்பில் மிஞ்சிய இரண்டு.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"முன்னால பெருசா ஒண்ணும் இல்லீங்களே."

இருவரும் சிரித்தோம்.
சில்லறை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் போய்விட்டார்.
ரசீதைத் தேடினேன், மேசையில் இல்லை.
இருபத்தேழின் மரப்பெட்டியில் இருந்தது,
இரண்டாய் மடித்து.
அங்கேதான் வைப்பேன் என்று
நான் சொல்லவேயில்லை.

இன்று ராத்திரி சின்ன வெங்காயம் உரிக்க
முறத்தோடு தரையில் உட்கார்ந்தேன்.
டிவியில் யாரோ யாரையோ கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
கண்ணுக்கு நேரே யானை.
தும்பிக்கை இருக்கிறது, வால் இருக்கிறது,
கால் மட்டும் மூன்று.
நாலாவது கீறுவதற்குள்
ஜெபம் முடிந்திருக்கும்.