தண்ணி கீது

காலை ஏழு இருபதுக்கு டோல்கேட் பக்கம்
ஷூ கம்பெனி வேன் வந்து நிற்கும்.
கேட்டுக்குள் போன் கூடாது என்பது கம்பெனிச் சட்டம்.
அந்தச் சட்டம் போட்டவருக்கு எங்கள் நன்றி.
எப்சிபாவின் அம்மா போனைக் குக்கர் மூடிமேல் வைத்துவிட்டு
"கீழ போட்டீங்கன்னா பாரு" என்று ஓடினால்
சாயந்தரம் ஆறு வரைக்கும்
அது ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவின் சொத்து.

ஆறாம் வகுப்புக்கு நிலத்தடி நீர்ப் பாடம்.
படம், அட்டை, கேள்வித்தாள் எல்லாம்
நாங்கள் தயாரித்துத் தர வேண்டும், திங்கட்கிழமை.
புத்தகத்தில் இருக்கும் ஆற்றில்
கரை தொட்டுத் தண்ணீர் ஓடுகிறது.
பள்ளிகொண்டாவில் ஆறாம் வகுப்பு அதை நம்பாது.
அதுகள் பாலாற்றில் கிரிக்கெட் ஆடுகிறவை.

சனிக்கிழமை, பாலத்துக்குக் கீழே,
மூன்றாம் தூணிலிருந்து முப்பது தப்படி.
யுகேஷ் கையில் மண்வெட்டி.
தஸ்லீமா கையில் குடை, எங்களுக்கு இல்லை, போனுக்கு.
முழங்கால் ஆழத்தில் மணல் கறுத்தது,
தொடையளவில் ஈரம்,
அப்புறம் ஒரு ஓரமாக, அவசரமே இல்லாமல்,
உள்ளங்கையளவு பளபளப்பு.

அந்த நேரம் பார்த்துப் போன் சொன்னது: இடம் இல்லை.

எதை அழிப்பது?
ரோஜாப்பூ வைத்த காலை வணக்கங்கள்
இருநூற்றுப் பன்னிரண்டு. அழித்தோம், ஆண்டவர் மன்னிப்பார்.
அதற்கும் கீழே ரேஷன் கார்டு, பிஎஃப் தாள்,
அடகுக் கடை ரசீது,
ஒரே வளையல் நாலு கோணத்தில்.
எப்சிபா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.
நாங்கள் கொக்கைப் பார்த்தோம்.
பன்னிரண்டு நொடி வீடியோ கிடைத்தது,
சத்தம் முழுக்கப் பாலத்து மேல் போன லாரி.

அட்டைக்கு எழுத்து வேண்டும்.
விரலால் தட்டினால் வரிக்கு அரை மணி.
"வாயால சொன்னா அதுவே எழுதும்" என்ற யுகேஷ்
கல்யாண வீட்டு மைக் பிடித்தவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து
"பாலாத்துல தண்ணி கீது" என்றான்.
அது எங்கே படித்ததோ, எந்த ஊர்த் தமிழோ,
கீது அதற்குத் தெரியவில்லை.
கீதா என்று எழுதியது.
யாருடா அந்த கீதா என்று தஸ்லீமாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல்.
இருக்கிறது என்று சொல்லு, அழுத்திச் சொல்லு.
சொன்னான். யாரோ ஆபீசர் பேசுவது போல
அவன் குரலே மாறிப்போனது.
கடைசி வரிக்குள் நாக்கு வீடு திரும்பியிருக்க வேண்டும்.
நாங்கள் கவனிக்கவில்லை.

பஜார் ஜெராக்ஸ் கடையில்
கலர் பத்து ரூபாய், கறுப்பு வெள்ளை இரண்டு.
முப்பத்திரண்டு பிள்ளைகள், கையில் எழுபது ரூபாய்.
கறுப்பு வெள்ளையில் மணலும் தண்ணீரும் ஒரே சாம்பல்.
தஸ்லீமா நீல ஸ்கெட்ச் பேனா மூடியைப் பல்லால் திறந்தாள்.
தாளுக்குத் தாள் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நீலம்.
பத்தொன்பதாவது தாளில்தான் அவள் கை நின்றது:
"பாலாற்றில் மண்ணுக்குக் கீழே தண்ணீர் கீதம்."

பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தோம்.
பதினொன்று முடிக்கையில் வேன் ஹாரன்.
எப்சிபாவின் அம்மா பசை வாசனையோடு உள்ளே வந்து
முதலில் போனைத்தான் எடுத்தார். சார்ஜ் நாலு சதவீதம்.
முந்தானையால் துடைத்தார். மணல் உதிர்ந்தது.
"ஆத்துக்கா எடுத்துனு போனீங்க?"

திங்கட்கிழமை இரண்டாவது பீரியடு.
முன்பெஞ்சில் லோகித் விரல் வைத்து
எழுத்துக்கூட்டிப் படித்து நிமிர்ந்தான்.
"அக்கா, தண்ணி இன்னா பாட்டு பாடுது?"

யுகேஷ் என்னைப் பார்த்தான்.
மிச்சம் ஆறு ரூபாய் என் பையில் இருந்தது, அதைத் தடவினேன்.
"வீடியோ கீது" என்றேன்.
"எப்சிபாக்கா வீட்டாண்ட வா.
ஆறு மணிக்குள்ள."