நாற்பத்தோராவது சீட்டு

மார்ச்சிலேயே மே மாத வெயில்.
காட்பாடியில் எங்கள் வகுப்பறையின் மூன்று மின்விசிறிகளில்
ஒன்றுதான் சுற்றுகிறது.
தர்க்கவியலுக்கு மீதி பதினெட்டு மணி நேரம்.
துண்டுச் சீட்டு கொடுத்தேன்:
மெய்யட்டவணை, நிரூபணம், போலிவாதம்.
எது முதலில் வேண்டும், எது கடைசியில்,
ஒன்று இரண்டு மூன்று போடுங்கள்.
பெயர் வேண்டாம்.

"எலெக்‌ஷனா மேடம்? ஓட்டுக்கு இன்னா தருவீங்க?"
என்றான் முனிரத்தினம்.

ஆசிரியர் அறையில் எண்ணினேன்.
பதினைந்து பேருக்கு அட்டவணை முதலில்;
கட்டம் போட்டு மெ, பொ நிரப்பினால்
பத்து மார்க் கையில்.
அடுத்து நிரூபணம், கடைசியில் போலிவாதம்.
பதின்மூன்று பேர் நிரூபணத்தில் ஏறி
போலிவாதம் வழியாக
அட்டவணையில் இறங்குகிறார்கள்.
மிச்சம் பன்னிரண்டு பேருக்குப் போலிவாதம்தான் உயிர்
(வீட்டுல சண்டைக்கு ஆவும் என்று
ஒரு சீட்டின் பின்பக்கம்),
அப்புறம் அட்டவணை, நிரூபணம் கடைசி.

இரண்டிரண்டாக மோதவிட்டேன்.
நிரூபணத்தை அட்டவணை வென்றது, இருபத்தேழுக்குப் பதின்மூன்று.
போலிவாதத்தை நிரூபணம் வென்றது, இருபத்தெட்டுக்குப் பன்னிரண்டு.
அப்படியானால் அட்டவணையிடம் போலிவாதம் தோற்க வேண்டுமே?
தோற்கவில்லை.
இருபத்தைந்துக்குப் பதினைந்து, வென்றிருக்கிறது.
மறுபடி எண்ணினேன். அதேதான்.
தனித்தனியே நாற்பது பேருக்கும் புத்தி நேராக இருக்கிறது.
சேர்ந்தால் மட்டும்
கிரீன் சர்க்கிளில் வழி தெரியாமல் சுற்றும்
வெளியூர்க் கார்.

எபனேசர் சார் டீயை ஊதியபடி சொன்னார்,
"பிள்ளைகளைக் கேட்டால் இதுதான்.
உங்கள் இஷ்டத்துக்கு நடத்துங்கள்."

என் இஷ்டம் பாலாறு.
பாலாற்று மணலில் இப்போது நீந்தும் மீன்கள் எல்லாம் சிவப்பு
என்று பலகையில் எழுதி,
ஒரு மீனும் இல்லாததால் அது மெய் என்று சொல்லிவிட்டு,
வகுப்பு விழிப்பதைப் பார்ப்பது.
அதைச் சீட்டில் நான் சேர்க்கவே இல்லை.
தோற்றுவிடுமோ என்ற பயம்.

நாற்பத்தோராவது சீட்டில் எண்ணே இல்லை.

"ஆர்டர் வந்தா போனஸ்னு கம்பெனில சொன்னாங்க.
ஆர்டர் வர்ல.
அப்ப போனஸ் இல்லன்னு நாங்களே எழுந்து வந்துட்டோம்.
எழுந்து வந்தது சரியா?
இது எந்தப் பாடத்துல வரும்னு தெரியல.
தெரிஞ்சா நம்பர் போட்டிருப்பேன்.
அத்த மொதல்ல சொல்லிக்குடுங்க."

காகிதத்தில் ரப்பர் சொல்யூஷன் வாசனை.
ஆம்பூர் பாசஞ்சரில் வருபவர்கள் ஒன்பது பேர்;
லீவு நாளில் ஷூ கம்பெனிக்குப் போகும்
ஒன்பது பேர் விரலிலும் அதே வாசனை.
ஒருவரைச் சுட்ட இது போதாது.
சுட்டும் விருப்பமும் இல்லை.

மறுநாள் பலகையில் அதையே எழுதினேன்.
ஆர்டர் வந்தால் போனஸ்.
நான்கு வரி. முதலிரண்டும் யாருக்கும் தெரியும்.
மூன்றாவது: ஆர்டர் வரவில்லை, போனஸ் கிடைத்தது.
சொன்ன சொல் பொய்யாகவில்லை.
நான்காவது: ஆர்டரும் இல்லை, போனஸும் இல்லை.
அப்போதும் பொய்யாகவில்லை.
முதல் பாதி விழுந்ததும்
இரண்டாம் பாதியையும் நாமே தள்ளிவிடுகிறோம்,
அதற்குப் பெயர் போலிவாதம் என்றேன்.
தமீமுன்னிசா எழுதுவதை நிறுத்தினாள்.
எல்லாரும்தான் நிறுத்தியிருந்தார்கள்.

பலகையைத் துடைக்கையில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:
"அப்ப போய்க் கேட்டா குடுப்பாங்களா?"
கொடுப்பார்கள் என்று இதிலிருந்து வராது.
"குடுக்க மாட்டாங்கன்னும் வராதில்ல?"
வராது.
திரும்பிப் பார்க்காமல் துடைத்தேன்,
ஏற்கனவே துடைத்த இடத்தை.

ஐந்து நாற்பது பாசஞ்சருக்கு
ஒன்பது பேரும் பையை எடுத்தார்கள்,
என்றைக்கும் இல்லாத நிதானத்தோடு.

முனிரத்தினம் மட்டும் மேசையருகே நின்றான்.
"அப்ப எங்க ஓட்டு இன்னா ஆச்சு மேடம்?"

ரப்பர் பேண்டு போட்ட நாற்பது சீட்டும்
கைப்பையில் இருந்தன.
இன்னும் பதினேழு மணி நேரம் இருக்கிறது என்றேன்.